டப்பாவில் எத்தனை நாள் மாத்திரை?

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரிலோ தருமபுரியிலோ வீடு என்று வாழ்கிறவர்களுக்கு அத்திப்பள்ளி சோதனைச்சாவடி பஸ் ஜன்னலில் ஓடி மறையும் ஓர் இடம், அவ்வளவுதான். அது அடைபடும்போதுதான் அங்கே ஓர் எல்லை இருப்பதே நினைவுக்கு வரும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். 2016 செப்டம்பர் 12-ல் மறுபடி காவிரி. பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் நின்ற இடத்திலேயே எரிந்தன, அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு நடந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா.

ஒவ்வொரு முறையும் பால் என்ன ஆயிற்று, காய்கறி லாரி எத்தனை நின்றது, ஐ.டி. கம்பெனிகளுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். யார் பையில் எத்தனை நாள் மாத்திரை மிச்சமிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வந்திருக்காது. இந்தக் கட்டுரை பேசும் மாத்திரையை விழுங்குகிறவர்கள் அதைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம்கூடச் சொல்வதில்லை.

எச்.ஐ.வி. உள்ளோருக்கு இன்று ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து இருக்கிறது. பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் வைரஸின் அளவு சோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கிய நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், தொற்றில்லாத பிள்ளை பெறலாம். நிபந்தனை ஒன்றுதான்: மாத்திரை நிற்கக் கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதில் கர்நாடகத்தின் பங்கு பெரியது, தமிழ்நாட்டின் பங்கும் சிறியதல்ல. இந்த இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஓசூர் ரோட்டில் தினமும் போய் வருகிற கூட்டத்தில் அவர்களும் இருக்கிறார்கள்.

பதிவு ஓரிடம், பிழைப்பு ஓரிடம்

கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களில் 332 ஏக்கர். 1970-களின் கடைசியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் அங்கே எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. கனவு அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆர்.கே.பாலிகாவுடையது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் இன்ஃபோசிஸ் வளாகமும் 2010-ல் திறந்த மேம்பாலமும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பவர்கள், வாசலில் நிற்பவர்கள், கேன்டீனில் சமைப்பவர்கள், பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடிகளுக்குச் செங்கல் சுமப்பவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் ஊர். பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் தொழிற்சாலைகள், ஓசூர் ரோடு நெடுக கார்மென்ட்ஸ். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ராய்ச்சூர், ஒடிசா, அசாம், பீகார் என எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பி.ஜி.யிலும் ஒற்றை அறை வாடகை வீட்டிலும் தகர ஷெட்டிலும் இருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் அவருடைய பெயர் எந்த மையத்தில் பதிவாகியிருக்கும்? பெரும்பாலும் சோதனை செய்துகொண்ட இடத்தில், அதாவது ஊரில். ஊரில் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று பக்கத்து மாவட்டத்தில் பதிந்துகொண்டவர்களும் உண்டு. அவருடைய சிகிச்சை விவரமெல்லாம் 'பச்சைப் புத்தகம்' என்று சொல்லப்படும் ஒரு கையேட்டில் இருக்கும். மாத்திரை தீரும் முன் அதை எடுத்துக்கொண்டு அந்த மையத்துக்குப் போக வேண்டும்.

கான்ட்ராக்ட் செக்யூரிட்டி வேலையில் 12 மணி நேர ஷிஃப்ட், லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை என்பதுதான் பொது விதி. மாதம் தவறாமல் ஒரு நாள் காணாமல் போகிறவரை சூப்பர்வைசர் ஏன் என்று கேட்கத்தான் செய்வார். எத்தனை முறைதான் பாட்டியைச் சாகடிப்பது? மருந்து இலவசம். ஆனால் போக வர பஸ் சார்ஜ், ஒரு நாள் கூலி, ஒரு பொய் என்று அதற்கும் ஒரு விலை உண்டு. பேரிடர் என்று எதுவும் வராத சாதாரண மாதத்தின் கணக்கு இது.

உகாதி அன்று

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு அடைபட்டது. விடிந்தால் உகாதி. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் ஊரில் மாட்டிக்கொண்டார்கள், போகாதவர்கள் பெங்களூருவில் மாட்டிக்கொண்டார்கள். மாத்திரை டப்பாவும் பச்சைப் புத்தகமும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பிரிந்துபோகவும் வாய்ப்பிருந்தது. நின்றுபோன பெங்களூரு மாநகர பஸ்கள் மே 19-ல்தான் மறுபடி ஓடின. மெட்ரோ செப்டம்பர் 7 வரை ஓடவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்போது மெட்ரோவே கிடையாது, ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை வந்தது 2025 ஆகஸ்டில். சிவாஜிநகரில் இருக்கும் பவுரிங் மருத்துவமனை நகரின் பழைய ஏ.ஆர்.டி. மையங்களில் ஒன்று. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பஸ்ஸும் ஆட்டோவும் இல்லாத நாளில், வழி நெடுக போலீஸ் நிற்கும் நாளில், அது வேறு மாநிலம் மாதிரி. போதாததற்கு அந்த மருத்துவமனையே கொரோனா சிகிச்சைக்கும் ஒதுக்கப்பட்டது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். நாகோ எனப்படும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த விஷயத்தில் தூங்கவில்லை. ஊரடங்கின் தொடக்கத்திலேயே மையங்களுக்கு வழிகாட்டுதல் போயிற்று: மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுங்கள், நோயாளி வர முடியாவிட்டால் அவர் அனுப்பும் ஆளிடம் கொடுங்கள், வெளியூரில் சிக்கியவர் எந்த மையத்துக்கு வந்தாலும், பதிவு எங்கே இருந்தாலும், திருப்பி அனுப்பாதீர்கள், தொண்டர்கள் மூலம் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். அதற்கு முன்பும் நிலைமை சீராக இருப்பவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. ஆனால் மாதம் ஒருமுறை வரச்சொல்வதே பழக்கமாக இருந்தது. வருஷக்கணக்கில் நகராத கோப்பு ஒரு வாரத்தில் நகர்ந்தது. முன்பே செய்திருக்கலாமே என்று எரிச்சலும் வருகிறது, இப்போதாவது செய்தார்களே என்று ஆறுதலும் வருகிறது.

ஆக, கிடங்கில் மருந்து இருந்தது. உத்தரவும் இருந்தது. கிடங்குக்கும் கைக்கும் நடுவே இருந்த அந்தக் கடைசித் தூரம்தான் பிரச்சினை. அது கிலோமீட்டர் கணக்கில் வராத தூரம்.

போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி "எங்கே போறே?" என்கிறார். ஆஸ்பத்திரிக்கு. "என்ன வியாதி, சீட்டைக் காட்டு." சர்க்கரை நோயாளி சீட்டைக் காட்டுவார், இதயநோயாளி காட்டுவார். பச்சைப் புத்தகத்தை நடுரோட்டில் நீட்ட வேண்டியவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டுக்குள் வர அப்போது இ-பாஸ் வேண்டும். திருமணம், சாவு, மருத்துவ அவசரம் என்று காரணம் காட்ட வேண்டும். மருத்துவம் என்றால் சான்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் சான்றில் ஏ.ஆர்.டி. என்று அச்சடித்திருக்கும். அதை எந்த அலுவலகத்தில் யார் திறந்து பார்ப்பார், அவர் எந்த ஊர்க்காரர் என்ற யோசனை வந்தவுடன் பலருக்குக் கை நின்றுவிடும். மருந்தை விட்டாலும் விடுவேன், மானத்தை விட மாட்டேன் என்பது நம் ஊரில் வீண் பேச்சு அல்ல. வாடகை வீட்டைவிட்டு இரவோடு இரவாக அனுப்பப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

ரோட்டைத் தாண்டாதவருக்கும் நிம்மதியில்லை. ஷிஃப்ட் மாறி மாறி ஆட்கள் தூங்கிய அறையில் இப்போது எட்டுப் பேரும் 24 மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது பலருக்குக் கொடுத்துவந்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. தலைசுற்றும், கண்ட கனவும் வரும் என்பதால் படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள். எட்டுப் பேர் பார்க்க தினமும் ராத்திரி என்ன மாத்திரை? லேபிளைக் கிழிப்பது, வைட்டமின் டப்பாவில் மாற்றிப் போடுவது, கழிப்பறைக்குள் கொண்டுபோய் விழுங்குவது எல்லாம் எச்.ஐ.வி. உள்ளோரிடம் பழகிய ஆலோசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த வித்தைகள். அதிலும் முடியாதபோது ஒரு நாள் விடுவார்கள். பிறகு இரண்டு நாள்.

இதற்கிடையே மே முதல் வாரத்தில் இன்னொரு கூத்து நடந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்களை நிறுத்தும்படி கர்நாடக அரசு ரயில்வேக்கு எழுதியது. கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்த கையோடு வந்த முடிவு அது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு மூன்று நாளில் பின்வாங்கினார்கள். ஊருக்குப் போய்விடலாம், அங்கே மையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு சித்தாளுக்கு அந்த இரண்டு மூன்று நாள் எப்படிப் போயிருக்கும் என்று எந்த ஆவணத்திலும் பதிவாகாது.

விட்டுவிட்டுச் சாப்பிட்டால் என்ன?

கூட்டு மருந்தில் பொதுவாக மூன்று மருந்துகள். மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பைவிட்டுப் போவதில்லை. எஃபாவிரென்ஸ் மெதுவாக வெளியேறும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் மற்ற இரண்டின் வேகம் குறைந்த பிறகும் அது கொஞ்ச காலம் ரத்தத்தில் தனியாக நிற்கும். தனி மருந்தை எதிர்கொள்ளும் வைரஸ் அதைச் சமாளிக்கப் பழகிக்கொள்கிறது. அப்புறம் அந்த மருந்து அவருக்கு வேலை செய்யாது. வேறு கூட்டு மருந்துக்கு மாற வேண்டும். அது விலை அதிகம், கிடைக்கும் இடமும் குறைவு. பின்னாளில் எஃபாவிரென்ஸின் இடத்துக்கு வந்த டொலூடெக்ராவிர் இந்த விஷயத்தில் கெட்டி. வைரஸ் அவ்வளவு சுலபமாக அதைத் தாண்டாது. ஆனாலும் மாதக்கணக்கில் மாத்திரையே இல்லாவிட்டால் எந்த மருந்தும் காப்பாற்றாது: வைரஸ் ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும், காசநோய் நுழையும்.

2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் யுஎன்எய்ட்ஸும் ஒரு கணக்கை வெளியிட்டன. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஆறு மாதம் ஏ.ஆர்.டி. தடைப்பட்டால் கூடுதலாக 5 லட்சம் பேர் சாகக்கூடும் என்றது அது. அந்த அளவுக்குப் போகாமல் பல நாடுகள் சமாளித்தன. சமாளித்த வழி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான்: கையில் அதிக நாள் மாத்திரை, கூடவே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள்.

கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்

மைசூருவில் அசோதயா சமிதி என்று ஒரு சங்கம் இருக்கிறது. பாலியல் தொழிலாளர்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்துவது. ஊரடங்கில் வருமானம் அடியோடு நின்றவர்கள் அவர்கள். தரகர் வரமாட்டார், லாட்ஜ் திறக்காது, எந்த நிவாரணப் பட்டியலிலும் பெயர் இல்லை. அந்த நிலையிலும் ஏ.ஆர்.டி. மையத்தோடு பேசி, மாத்திரையை வாங்கி, எடுத்துக்கொள்ள வேண்டியவர்களிடம் சேர்த்தார்கள். யார் வீட்டு வாசலுக்குப் போகலாம், யாரைத் தெருமுனையில் சந்திக்க வேண்டும், யாருக்கு வீட்டில் தெரியாது என்ற விவரமெல்லாம் அவர்களிடம் இருந்தது. இந்த அனுபவம் 2020-லேயே ஓர் ஆய்விதழிலும் பதிவானது. மாவட்ட நிர்வாகம் எத்தனை வாகனம் அனுப்பினாலும் இந்தத் தகவலை அதனால் திரட்ட முடியாது. கெட்டிக்காரத்தனத்தால் வரும் தகவல் இல்லை இது. வருஷக்கணக்கான நம்பிக்கையால் வருவது.

நாடு முழுக்க 'விஹான்' திட்டத்தின் பராமரிப்பு மற்றும் ஆதரவு மையங்களின் களப்பணியாளர்களும் இதையே செய்தார்கள். இவர்களில் பலர் தாங்களே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள். சம்பளம் சொற்பம். கொரோனா முன்களப் பணியாளர் என்று இவர்களுக்கு யாரும் கைதட்டவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. பெங்களூருவில் இந்த வேலைக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. 1990-களிலேயே சம்ரக்ஷா, ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இங்கே தொடங்கின. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அடுத்த சாலையான சர்ஜாபூர் ரோட்டில் கமிலியன் துறவிகளின் ஸ்நேகதான் இல்லம் கைவிடப்பட்ட நோயாளிகளை ஏற்று வந்திருக்கிறது. ஒரு நகரம் நெருக்கடியைச் சமாளிப்பது பெரும்பாலும் இப்படி முன்பே வேர்விட்ட அமைப்புகளால்தான். நெருக்கடிக்காக அவசரமாக அமைக்கும் குழுக்களால் அல்ல.

தடுப்பு என்ற மறந்துபோன பாதி

மருந்து பற்றியே பேசும்போது தடுப்பு கண்ணில் படாமல் போகிறது. நெருக்கடி காலத்தில் ஆணுறை வருவது நிற்கும், சோதனை நிற்கும், ஊசி மூலம் போதை எடுப்பவர்களுக்குச் சுத்தமான ஊசி கிடைக்காது. ஊரடங்கின்போது மாற்று மருந்தான புப்ரினார்ஃபினை வீட்டுக்கு எடுத்துப்போக நாகோ அனுமதித்தது. அதற்கு முன் தினமும் மையத்துக்கு வந்து எதிரிலேயே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதைவிட அவசரமானது கர்ப்பிணிகளின் விஷயம். வயிற்றிலிருக்கும் பிள்ளை ஊரடங்கு முடியட்டும் என்று காத்திருக்காது. எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. தாய்க்கு மாத்திரையும் பிறந்த பிள்ளைக்குச் சொட்டு மருந்தும் ஒழுங்காகக் கிடைத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இந்த வித்தியாசம் முழுக்க கர்ப்ப காலத்தில் ஒரு சோதனை நடந்ததா இல்லையா என்பதில் இருக்கிறது. கார்மென்ட்ஸில் பெரும்பாலும் பெண்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள். ஒரு மாநிலத்தில் செய்த சோதனை அடுத்த மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாமல் போனால் எல்லாம் முதலிலிருந்து.

வல்லுறவுக்கு ஆளானவர்களுக்குத் தொற்று வராமல் தடுக்கும் மருந்தும் உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். முகாம்களிலும் ஆளில்லாத தெருக்களிலும் பெண்களுக்கு ஆபத்து கூடும் நேரத்தில்தான் அந்த 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் போகிறது.

ஒன்று சொல்ல வேண்டும்: பாதுகாப்பு என்றால் சில சமயம் அரிசிதான். சாப்பாடு இல்லாதவர் வாடிக்கையாளரிடம் ஆணுறை போடு என்று அடம்பிடிக்க முடியாது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நாகோ அடையாளம் கண்ட பாலியல் தொழிலாளர்களுக்கு அடையாள ஆவணம் கேட்காமல் ரேஷன் கொடுங்கள், அவர்கள் விவரத்தை ரகசியமாக வைத்திருங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஊரடங்கு தொடங்கி ஆறு மாதம் கழித்து வந்த உத்தரவு. எச்.ஐ.வி. தடுப்பு வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சுனாமியிலிருந்து சுராசாந்த்பூர் வரை

2004 டிசம்பர் 26. சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அரசின் இலவச ஏ.ஆர்.டி. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ல்தான் தாம்பரம் உள்ளிட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவமனைகளில் தொடங்கியிருந்தது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. ஆகவே அன்று முகாம்களில் தொற்று பரவுமோ என்பதே கவலையாக இருந்தது. மாத்திரை நின்றுவிடுமோ என்று கவலைப்பட, மாத்திரை சாப்பிடுகிறவர்களே கொஞ்சம்தான். 2020-ல் நிலைமை தலைகீழ்: நாடெங்கும் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் மருந்தில் இருந்தார்கள். சிகிச்சை வெற்றி பெற வெற்றி பெற, நெருக்கடியில் இழக்கக்கூடியதும் கூடிக்கொண்டே போகிறது.

முகாம் என்றாலே தொற்று பெருகும் என்ற பயமும் பாதி உண்மைதான். பால் ஸ்பீகலும் சகாக்களும் 2007-ல் 'லான்செட்' இதழில் ஏழு ஆப்பிரிக்க நாடுகளின் தரவுகளை அலசினார்கள். போரும் இடப்பெயர்வும் தாமாகவே எச்.ஐ.வி.யைக் கூட்டிவிடுகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். அகதி வந்தால் நோய் வரும் என்று பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஐ.நா. அமைப்புகள் பேரிடர் காலத்துக்கான எச்.ஐ.வி. வழிகாட்டியை 2003-லேயே எழுதி, 2010-ல் திருத்தியும் வெளியிட்டன. பாதுகாப்பான ரத்தம், ஆணுறை, வல்லுறவுக்குப் பின் தடுப்பு மருந்து, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு மாத்திரை தொடர்வது, இவையெல்லாம் நெருக்கடியின் முதல் நாட்களிலேயே நடக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். செய்து காட்டியவர்களும் உண்டு. கென்யாவில் 2007 இறுதித் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையில், எல்டோரெட் நகரின் ஆம்பாத் என்ற எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டத்தினர் ரேடியோவிலும் பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுத்து, தொலைபேசி எண் தந்து, முகாம்களுக்கே போய் நோயாளிகளைத் தேடினார்கள். ஹெய்ட்டியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் ஜெஸ்கியோ மருத்துவமனையின் கட்டடங்கள் சேதமாயின. அதன் வளாகத்திலேயே ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டார்கள். மாத்திரை விநியோகம் தொடர்ந்தது. உக்ரைனில் 2022-ல் போர் மூண்டபோது வேறொரு சிக்கல். அங்கே பலர் சாப்பிட்டது இந்தியாவில் தயாராகும் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை. அவர்கள் அடைக்கலம் புகுந்த பணக்கார நாடுகளில் காப்புரிமை காரணமாக அந்த ஒற்றை மாத்திரை புழக்கத்தில் இல்லை. மருத்துவர்கள் வேறு மாத்திரைகளைச் சேர்த்து ஈடுகட்ட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் மணிப்பூரைப் பார்க்கலாம். 2023 மே 3-ல் மெய்தேய், குக்கி மக்களுக்கிடையே கலவரம் வெடித்த பிறகு சுமார் 60,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். சுராசாந்த்பூர் பக்கத்துக் குக்கி மக்கள் இம்பாலுக்குப் போக முடியாது, மெய்தேய் மக்கள் மலைக்குப் போக முடியாது. பெரிய மருத்துவமனைகளும் கிடங்குகளும் இம்பாலில். எச்.ஐ.வி. பாதிப்பு விகிதத்தில் நாட்டின் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் அது. அத்திப்பள்ளி எல்லை சில வாரம் அடைபட்டதற்கே இவ்வளவு என்றால், வருஷக்கணக்கில் அடைபட்ட எல்லையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் அடங்கிய பிறகும்

2022 ஜூலையில் டெல்லியில் நாகோ அலுவலக வாசலில் எச்.ஐ.வி. உள்ளோர் உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் இரவு பகலாகப் போராட்டம். டொலூடெக்ராவிர் கிடைக்கவில்லை, ஒரு மாதத்துக்கு வாங்கிய இடத்தில் சில நாள் மாத்திரைதான் தருகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தேசிய அளவில் கையிருப்பு போதுமானது என்றது அரசு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்: நாட்டில் இருப்பு இருக்கும், நம் மையத்தில் இருக்காது. ஊரடங்கில் மூன்று மாத மாத்திரை கொடுத்த ஏற்பாடு, ஊர் திறந்த பிறகு இரண்டே வருஷத்தில் சில நாள் மாத்திரையாகச் சுருங்கியது என்பதை ஜீரணிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆப்பிரிக்க நாடுகள் பல ஆடிப்போயின. ஹைதராபாத், புனே, கல்யாண் ஆகிய இடங்களில் திருநர்களுக்கான 'மித்ர்' கிளினிக்குகள் மூடப்பட்டன. ஆனால் இந்தியாவில் ஏ.ஆர்.டி. நிற்கவில்லை, 2021-26 காலத்துக்கான 15,471.94 கோடி ரூபாய்த் திட்டம் மத்திய அரசின் சொந்தப் பணம். அந்த முடிவை எடுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்காததற்குப் பணம் ஒரு காரணமாக இருக்க முடியாது என்பதற்கு இன்னொரு கணக்கு. 2023-ல் குளோபல் ஃபண்ட் வாங்கிய விலையில் ஒருவருக்கு ஓராண்டுக்கான டொலூடெக்ராவிர் கூட்டு மாத்திரை 45 டாலருக்கும் குறைவு. நம் பணத்தில் 4,000 ரூபாய்க்குள். இந்த விலை சாத்தியமானதே இந்திய ஆலைகளால். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்து ஆனேக்கல் தாலுகாவில் ஆலை வைத்திருக்கும் ஸ்ட்ரைட்ஸ் நிறுவனம், வளரும் நாடுகளுக்கான எச்.ஐ.வி. மாத்திரைகளைப் பெங்களூருவில் செய்து அமெரிக்க அரசின் ஒப்புதலோடு அனுப்பிய நிறுவனங்களில் ஒன்று. கடல் தாண்டி ஆப்பிரிக்கக் கிராமம் வரை மாத்திரை போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து, ஓசூர் ரோட்டில் 20 கிலோமீட்டர் சேர்ப்பதற்கா வழி இல்லை?

என் தீர்ப்பு இது. மூன்று மாத மாத்திரையும் எந்த மையத்திலும் வாங்கும் வசதியும் பேரிடர் காலச் சலுகையாக இருக்கக் கூடாது. உடல்நிலை சீராக இருக்கும் ஒவ்வொருவருக்கும் சாதாரண நாளிலேயே அது கிடைக்க வேண்டும். குறிப்பாக எலெக்ட்ரானிக் சிட்டி மாதிரி பிழைக்க வந்தவர்களின் ஊர்களில். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரைகூடக் கொடுக்கலாம் என்கிறது. வெள்ளம் வந்த பிறகு படகில் கொண்டுபோவதைவிட முன்பே கையில் கொடுத்து வைப்பது மலிவு.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, தொற்று இருப்பதால் ஒருவரை வேலையிலிருந்து எடுக்க முடியாது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. சோதனை கேட்கவும் முடியாது. 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த எண்ணிக்கையை எட்டாத நிறுவனம் எத்தனை? உங்கள் அலுவலகத்தில் அந்தப் புகார் அலுவலர் யார் என்று மனிதவளப் பிரிவில் கேட்டுப்பாருங்கள். கான்ட்ராக்ட் ஊழியருக்கு மாதம் அரை நாள், காரணம் கேட்காமல், சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கொடுத்தால் அந்த ஒரு ஏற்பாட்டில் சர்க்கரை நோயாளி முதல் காசநோயாளி வரை எல்லோரும் பயன்பெறுவார்கள்; எச்.ஐ.வி. உள்ளவர் அந்தக் கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் போய் வரலாம்.

மாத்திரை சாப்பிடுகிறவராக நீங்கள் இருந்தால்: அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வார மாத்திரை எப்போதும் கைப்பையில் உபரியாக இருக்கட்டும். பச்சைப் புத்தகத்தின் முக்கியப் பக்கங்களைப் படமெடுத்துப் பூட்டுப் போட்ட போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் மையத்தையும் மாற்றிக்கொள்ளலாம், அது உங்கள் உரிமை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097. நாடு முழுவதும் கட்டணமில்லாத எண். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.